வாவிக்கு மறுகரையும் உண்டு

கனடாவிலிருந்து நண்பர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். நீண்ட காலத்துக்குப் பிறகு, மூன்று வார விடுமுறையில் வந்தவர். திரும்புவதற்கு முதல்நாள் மாலை கல்லடிப் பாலத்தடியில் சந்தித்தோம். இந்த மூன்று வாரத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணினார். இரண்டு கல்யாணம், ஒரு சாமத்திய வீடு, காணி உறுதி விடயமாகச் சட்டத்தரணியிடம் நான்கு தடவை, கொழும்பில் ஐந்து நாள், மிகுதி நாளெல்லாம் உறவினர் வீடுகளில் விருந்து. அவருடைய தாயார் கொக்கட்டிச்சோலைப் பக்கம் பிறந்தவர். “அம்மாவின் ஊருக்குப் போய்வந்தீர்களா?” என்றேன். நண்பர் வாவியின் மேற்குப் பக்கமாகக் கையை நீட்டி, “எங்கே அண்ணன், நேரமே கிடைக்கவில்லை” என்றார்.

அவர் கைநீட்டிய அந்தக் கரைக்குச் செல்ல இன்று விசாவும் வேண்டாம், பாஸும் வேண்டாம். 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின், பட்டினத்திலிருந்து அரைமணி நேர ஓட்டந்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் பறந்து வந்தவருக்குக் கடைசி அரைமணி நேரம் கிடைக்கவில்லை.

அவரைக் குறைசொல்லி இந்தக் கட்டுரையை முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. புளியந்தீவிலும் கல்லடியிலும் ஆரையம்பதியிலும் பிறந்து வளர்ந்து, உத்தியோகம் பார்த்து, ஓய்வூதியமும் பெற்றுக்கொண்டிருக்கும் எத்தனையோ பேர் குறுமண்வெளித்துறைக்குப் போய் மண்டூர்க்கரைக்குப் பாதையேறியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: மட்டக்களப்பில் ‘பாதை’ என்றால் தெரு மட்டுமல்ல. வாவியைக் கடக்க மனிதரையும் சைக்கிளையும் உழவு இயந்திரத்தையும் ஏற்றிச்செல்லும் மிதவைக்கும் அதுவே பெயர். நீரில் மிதக்கும் ஒன்றுக்குப் பாதையென்று பெயர் வைத்த சமூகம் நம்முடையது. அந்தச் சமூகத்தின் பிள்ளைகள் இன்று, பயணம் போக நேரமில்லை என்கிறார்கள்.

என் கட்சி இதுதான்: நேரமில்லை என்பது பொய். நேரம் இருக்கிறது. அதில் பயணத்துக்கு இடம் ஒதுக்குவது அவசியமில்லை என்று நாம் தீர்மானித்திருக்கிறோம். அந்தத் தீர்மானம் தவறானது. மற்றவர்களைவிட நமக்குத்தான் அது மிகவும் தவறானது.

முதலில் நேரக்கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்த நாட்டில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரச விடுமுறை. ஆண்டுக்குப் பன்னிரண்டு, சில ஆண்டுகளில் பதின்மூன்று போயா தினங்கள். தைப்பொங்கல், சிவராத்திரி, சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார், பெருநாட்கள் வேறு. கடைகளிலும் அலுவலகங்களிலும் ஓராண்டு வேலைசெய்தவருக்கு 14 நாள் வருடாந்த விடுமுறை தரவேண்டும் என்பது 1954ஆம் ஆண்டின் சட்டம். அரச ஊழியருக்கு லீவுடன் புகையிரத ஆணைச்சீட்டும் உண்டு. அந்தச் சீட்டுகள் எத்தனை வீட்டில் அலுமாரிக்குள் கிடந்து காலாவதியாகின்றன என்பதை அவரவர் மனச்சாட்சி அறியும்.

இத்தனை நாட்களும் எங்கே போகின்றன? பெரும்பகுதி ரியூசன் வகுப்புகளுக்குப் போகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று ஒரு பிள்ளையின் பத்து ஆண்டுகள் போய்விடுகின்றன. பிள்ளைக்கு வகுப்பென்றால் தாய்க்கும் தகப்பனுக்கும் அதுவே நாட்காட்டி. புவியியல் பாடத்தில் களப்பு என்றால் என்னவென்று வரைவிலக்கணம் எழுதி முழுப்புள்ளி வாங்குகிற பிள்ளைக்கு, ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமான ஒரு களப்பு வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. அதன் முகத்துவாரத்தைப் பாலமீன்மடுவில் போய்ப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். அந்தப் பொழுதில் வேறு வகுப்பு இருக்கிறது.

இதிலே ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மட்டக்களப்பின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது பாடும் மீன். நிலாக்காலத்தில், நீர் அசையாத இரவில், படகை நடுவாவியில் நிறுத்தி, துடுப்பின் ஒருமுனையை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு பொருத்தினால் அந்த ஓசை கேட்கும் என்பது நம் முன்னோர் வழக்கு. அது மீனின் ஓசையா, ஊரியும் சிப்பியும் எழுப்பும் ஓசையா என்பது தீராத வழக்காகவே இருக்கிறது. அன்றைய ஆங்கில ஆட்சியில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ட் 1848இல் இங்கு வந்து, இரவில் படகேறிப் போய் அதைக் கேட்டார். 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் அதைப்பற்றி எழுதியும் வைத்தார். 1848 இந்தத் தீவில் கிளர்ச்சி வெடித்த ஆண்டு. அந்த ஆட்சியாளரின் அரசியலுக்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால் அவ்வளவு வேலைப்பளுவிலும் அந்த மனிதருக்கு ஓர் இரவு கிடைத்தது. 1950களில் புனித மிக்கேல் கல்லூரியோடு தொடர்புடைய யேசுசபைத் துறவி லாங் அடிகளார் அந்த ஓசையை ஒலிப்பதிவு செய்தார். நம் விபுலானந்த அடிகளார் அதை நீரர மகளிரின் இசையாகக் கண்டு பாடிவைத்தார்.

பௌர்ணமி இரவு விடுமுறை நாளின் இரவு. அரசாங்கம் நாளைத் தருகிறது, வானம் நிலவைத் தருகிறது, வாவி வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பாடும் மீன் படத்தைப் பாடசாலை இலச்சினையிலும் கடைப் பெயர்ப்பலகையிலும் வைத்திருக்கும் நம்மில், ஒருமுறையாவது படகேறிப் போய்க் காதுவைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

*

மனிதர் ஏன் பயணத்தை விரும்புகிறார்கள் என்ற கேள்விக்குப் புதுமை, அறிவு, மனமாற்றம் என்று பல விடைகளை மேல்நாட்டு நூல்கள் சொல்லும். எனக்கு அந்த நூல்கள் தேவைப்படவில்லை. பயணம் தடுக்கப்பட்ட ஓர் ஊரில் செய்தியாளனாக இருந்தவனுக்கு விடை வேறுவிதமாகத் தெரியும்.

1990 ஜூனுக்குப் பிந்திய மட்டக்களப்பை நினைத்துப்பாருங்கள். எழுவான்கரை இராணுவத்திடம். படுவான்கரை பெரும்பாலும் விடுதலைப் புலிகளிடம். 2007 வரை இதுவே நிலைமை. நடுவில் வாவி. வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுக்குப் போவது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவதுபோல இருந்தது. அடையாள அட்டை, பொதி அவிழ்ப்பு, மீண்டும் அடையாள அட்டை. எத்தனை பற்றரி, எத்தனை போத்தல் மண்ணெண்ணெய் என்று எண்ணிக் கணக்கெடுத்தார்கள். மாலையானால் வழி அடைபட்டுவிடும். மறுகரையில் தாய் செத்துக்கிடக்க இந்தக் கரையில் இரவெல்லாம் காத்திருந்த பிள்ளைகள் உண்டு.

வீதியே கொலைக்களமான நாட்களும் உண்டு. 1990 ஜூலையில் கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கடத்தப்பட்டார்கள். விடுதலைப் புலிகள்மீது குற்றஞ்சாட்டப்படும் அந்தக் கொலைகளில் போனவர்கள் வீடு வந்து சேரவில்லை. 1991 ஜூனில் மண்முனைத்துறைக்கு அருகே இராணுவத்தினர் கண்ணிவெடியில் இறந்தபின், மகிழடித்தீவிலும் சூழலிலும் தமிழ்ப் பொதுமக்கள் இராணுவத்தினரால் படுகொலை செய்யப்பட்டார்கள். அந்தத் துறையில்தான் இன்று பாலம் நிற்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குகிறவன் செய்தியாளன் அல்லன்.

அப்படி அடைபட்டிருந்த மக்களுக்கு வழி திறந்தபோது என்ன செய்தார்கள்? 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை. ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. சனம் புறப்பட்டது. வியாபாரத்துக்குப் போனவர்களும் உறவைத் தேடிப் போனவர்களும் ஒருபுறம். ‘சும்மா பார்த்துவிட்டு வருவோம்’ என்று புறப்பட்டவர்களோ ஏராளம். தெற்கிலிருந்து சிங்கள மக்கள் பஸ் பஸ்ஸாக யாழ்ப்பாணம் போனார்கள். 2009க்குப் பிறகு பாசிக்குடாவுக்கும் அவ்வாறே வந்தார்கள். அந்த வருகையின் பின்னாலிருந்த அரசியலைப்பற்றி வேறோர் இடத்தில் சண்டை பிடிக்கலாம். ஒன்றை மட்டும் அப்போது கண்ணால் கண்டேன்: போவதும் பார்ப்பதும் மனிதனுக்குப் பசியைப் போன்றவை. வாய்ப்புக் கிடைத்த முதல்நாளே அந்தப் பசி எழுந்து நடக்கிறது.

ஆகவே பயணத்தை ஆடம்பரம் என்பவரிடம் நான் கேட்பது இதுதான்: ஆடம்பரமானால் அதைத் தடுக்க ஏன் இத்தனை காவலரண்கள் வேண்டியிருந்தன? மனிதரை அடக்க நினைக்கும் எவனும் முதலில் அவர்களின் நடமாட்டத்தைத்தான் நிறுத்துகிறான். அது முதல்தரமான சுதந்திரம் என்பது அவனுக்குத் தெரியும். நமக்குத்தான் மறந்துவிட்டது. வீதியிலிருந்த காவலரண்கள் அகன்றன. வீட்டு நாட்காட்டியில் நாமே காவலரண் கட்டி, நாமே அதில் சென்றியும் நிற்கிறோம்.

*

‘தமிழன் போகாத நாடில்லை, அவனைப் பார்த்தா பயணம் செய்யவில்லை என்கிறீர்?’ என்று சிலர் சீறக்கூடும். நான் சொல்கிறேன்: நாம் உலகெங்கும் இடம்பெயர்ந்தவர்கள். இடப்பெயர்வு வேறு, பயணம் வேறு. பயணத்தில் புறப்படும் நாளைத் தெரிவுசெய்பவன் பயணி. திரும்பிவரும் வீடும் அவனுக்கு உண்டு. 2006இன் முடிவில் வாகரையிலிருந்து ஷெல்வீச்சுக்கு நடுவே காடு கடந்து, கடல் கடந்து வந்த குடும்பங்கள் பல மைல் தூரம் நடந்தன. அதைப் பயணம் என்று யார் சொல்வார்? பாஸ்போட்டைக் கிழித்தெறிந்துவிட்டு ஐரோப்பாவில் போய் இறங்கியவர் பல நாட்டு எல்லைகளைக் கடந்தார். லொறியின் தார்ப்பாயைத் தவிர அவர் கண்டதென்ன?

படுவான்கரைக் கிராமங்களிலிருந்து வீட்டுப் பணிப்பெண்களாக மத்தியகிழக்குக்குப் போன பெண்களை எண்ணிப்பாருங்கள். றியாத்தின் சமையலறைச் சுவரும் குவைத்தின் பல்கனிக் கம்பியும் அவர்களுக்குத் தெரியும். அவர்களில் எத்தனை பேர் திருகோணமலையில் கோணேசர் மலையேறிக் கடலைப் பார்த்திருக்கிறார்கள்? வீட்டின் கடனை அடைக்க விமானம் ஏறலாம். தன் மனத்துக்காகப் பஸ் ஏறுவதென்றால் ‘பொம்பிளைக்கு என்ன ஊர்சுற்றல்’ என்று கேட்கும் ஊர் இது. உலகில் அதிகம் அலைக்கழிக்கப்பட்ட சமூகங்களில் ஒன்று நம்முடையது. அதனாலேயே விரும்பிச் செல்லும் பயணம் நமக்கு மருந்துபோல வேண்டியிருக்கிறது. துரத்தப்பட்ட கால்களுக்குத் தாமாக நடக்கவும் முடியும் என்று காட்டவேண்டும்.

நம் மொழியில் ‘செலவு’ என்ற சொல்லின் கதையும் இதைத்தான் சொல்கிறது. செல் என்ற அடியிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குச் செல்லுதல், பயணம் என்பதே பழம்பொருள். பொருள்தேடப் புறப்படும் தலைவன் தலைவியின் துயர் கண்டு தயங்கி நிற்பதைச் செலவழுங்குதல் என்று அகப்பொருள் நூலோர் ஒரு துறையாகவே வகுத்தார்கள். இன்று செலவு என்றால் பணம் போவது மட்டுந்தான். மனிதன் போவதைச் சொன்ன சொல், காசு போவதைச் சொல்லும் சொல்லாகிவிட்டது. பயணம் என்றவுடனே ‘எவ்வளவு செலவு?’ என்று கேட்கும் புத்தியும் நமக்கு வந்துசேர்ந்தது.

சரி, காசுக்கணக்குக்கும் வருவோம். அன்றாடக் கூலிக்குப் போகிறவனிடம் சுற்றுலா போ என்று உபதேசம் செய்யும் கல்நெஞ்சம் எனக்கில்லை. 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாடு இது. இன்றும் பல வீடுகளில் பஸ் கட்டணம் என்பது அரிசிக் காசுதான். அவர்களுக்கு வேண்டியது சம்பளத்துடன் கூடிய ஓய்வு. பிரான்ஸில் தொழிலாளர்கள் 1936இல் வேலைநிறுத்தம் செய்து வென்ற உரிமைகளில் ஒன்று, சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை. அந்தக் கோடையில் தொழிலாளர் குடும்பங்கள் பல முதன்முறையாகக் கடலைக் கண்டன. பயணத்துக்கான நேரம் தொழிலாளி போராடிப் பெற்ற உரிமை. பணக்காரன் போட்ட பிச்சை என்று அதை நினைக்கவேண்டாம்.

நான் வாதிடுவது மற்றவர்களோடு. சாமத்திய வீட்டுக்கு மண்டபமும் வீடியோவும் ஹெலிகொப்டரிலிருந்து பூத்தூவலும் ஏற்பாடு செய்ய இலட்சங்களை இறைக்கிறவர்கள், அந்தப் பெண்பிள்ளையை நான்கு நாள் பொலன்னறுவைக்கும் மலைநாட்டுக்கும் கூட்டிக்கொண்டு போகக் காசில்லை என்கிறார்கள். உதயதேவியில் இருந்த இடத்தில் இருந்தபடியே கொழும்பு வரைக்கும் பாதி இலங்கையைப் பார்க்கலாம். இவர்களோ இரவு பஸ்ஸில் திரையை இழுத்து மூடி உறங்கிப்போய், காலையில் புறக்கோட்டையில் கண்விழிக்கிறார்கள்.

நம் பாட்டன்மாருக்கு விடுமுறைச் சட்டம் இருக்கவில்லை. போயா லீவும் இருக்கவில்லை. ஆனால் மாரிப்போக வேளாண்மை வெட்டிமுடிந்தால் எப்போது எங்கே போவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு ஊர்விட்டு ஊர் போனார்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் வந்தார்கள். வாய்கட்டிப் பூசை நடக்கும் மண்டூருக்கும், வடக்கே வெருகலுக்கும் வண்டி கட்டினார்கள். கதிர்காமத்துக்கு நடந்தே போனார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கரையோரமாக இறங்கி, உகந்தையில் காட்டுக்குள் நுழைந்து, கும்புக்கன் ஆற்றைக் கடந்து போகும் அந்த நடைவழி இந்தத் தீவின் மிக நீண்ட பாதயாத்திரை வழி. 1983க்குப் பிறகு யுத்தத்தால் அறுந்துபோன அந்த வழியில், 1988இல் அமெரிக்கரான பற்றிக் ஹரிகனும் சில அடியார்களும் மீண்டும் நடந்தார்கள்.

‘அது பக்தி, பயணமல்ல’ என்பார்கள். பக்திதான். ஆனால் கதிர்காம யாத்திரை போய்வந்த ஒரு கிழவியிடம் கதை கேட்டுப்பாருங்கள். முருகனைப்பற்றி ஒரு பங்கு சொன்னால், வழியில் சோறு போட்டவர்களைப்பற்றியும் யானையைக் கண்டு ஒதுங்கி நின்றதைப்பற்றியும் மொழி தெரியாத சிங்களத்தி கைபிடித்து ஆற்றைக் கடக்க வைத்ததைப்பற்றியும் மூன்று பங்கு சொல்வாள். முருகனுக்கு அது தெரியாமலில்லை. நம் முன்னோரிடம் நாம் கற்கவேண்டியது நாட்குறிக்கும் வழக்கம். பயணத்துக்கு நேரம் கிடைக்கும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நாளை முதலில் குறித்தார்கள். மற்ற வேலைகள் அந்த நாளுக்கு வழிவிட்டு ஒதுங்கின. நாம் கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறோம், குடிபுகுதலுக்கு நாள் குறிக்கிறோம். பயணத்துக்கு மட்டும் ‘ஒருநாளைக்குப் பார்ப்போம்’ என்கிறோம். அந்த ஒருநாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

*

நாம் வாவியைக் கடக்கிறோமா இல்லையா என்பதைப்பற்றி நான் இவ்வளவு உரக்கப் பேசுவதற்குக் காரணம் உண்டு.

பட்டினத்திலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, மருதமுனை, பாண்டிருப்பு என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வருகின்றன. நாள்தோறும் பல்லாயிரம் பேர் அந்த வீதியால் போகிறார்கள். எத்தனை பேர் மற்றவரின் ஊரில் இறங்கி, கடையில் பிளேன்ரீ குடித்து, உள்வீதியால் நடந்து, வாவிக்கரை வரை போய்வந்திருக்கிறார்கள்? கடந்துபோவது பயணமல்ல. 1990ஐ நாம் இன்னும் பஸ் யன்னலுக்குள் இருந்துதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பக்கத்து ஊரைப்பற்றிய நம் அறிவு வதந்தியாலும் கைத்தொலைபேசிக்கு வரும் செய்தியாலும் ஆனது. 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபின் அந்த அறிவு எவ்வளவு ஆபத்தானது என்று கண்டோம். கால் படாத ஊரைப்பற்றி எதைச் சொன்னாலும் மனம் நம்பும்.

படுவான்கரையின் கதையும் இதுவே. பட்டினத்தவருக்கு அது தயிர்ச்சட்டியும் நெல்மூடையும் வரும் திசை. ஆசிரியருக்குத் தண்டனை இடமாற்றம் கிடைக்கும் திசை. அங்கே போய் மாலைவேளையில் கண்டல் காட்டோரம் நின்று கிழக்கே பார்த்தால், நம் எழுவான்கரை எவ்வளவு ஒடுங்கிய மணற்திட்டென்று தெரியும். பாதை வராத நாளில் பிரசவ வேதனையோடு துறையில் நின்ற பெண்ணுக்கு ஏன் பாலம் தேவைப்பட்டது என்பதும் அங்கே நின்றால்தான் விளங்கும். ஒரு கரையின் குறை மறுகரையின் கோரிக்கையாக மாறாததற்கு நாம் அங்கே போகாததும் ஒரு காரணம்.

எனவே வெளிநாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: விருந்துகளில் மூன்றைக் குறையுங்கள். உறவினர் கோபித்தால் கோபிக்கட்டும். அங்கே பிறந்த பிள்ளைகளைக் குளிரூட்டிய வானில் ஏற்றிக் கோயிலையும் ஹோட்டலையும் காட்டுவதோடு நிறுத்தாமல், ஒருநாள் வாவியைக் கடக்க வையுங்கள். ஊரிலிருக்கும் பெற்றோருக்கு: மாதத்தில் ஒரு போயாவை ரியூசனிடமிருந்து மீட்டெடுங்கள். அதிபர்மாருக்கு: தவணைக்கு ஒருநாள் எழுவான்கரைப் பிள்ளைகளைப் படுவான்கரைப் பாடசாலைக்கும், ஆரையம்பதிப் பிள்ளைகளைக் காத்தான்குடிப் பாடசாலைக்கும் அழைத்துச் செல்லுங்கள். பேச்சுப்போட்டி வேண்டாம், பொன்னாடை வேண்டாம். ஒன்றாக இருந்து சோறு தின்றுவிட்டுத் திரும்பினால் போதும்.

உலகம் சுற்றும் தமிழன் என்று பெயர்பெற்ற ஏ. கே. செட்டியார் காந்தி பற்றிய படச்சுருள்களைத் தேடிக் கண்டம் கண்டமாக அலைந்தவர். நம் எல்லோராலும் அது முடியாது. ஆனால் நம் வாவியின் அகலம் பல இடங்களில் ஒரு கூப்பிடு தூரத்துக்குச் சற்றே அதிகம்.

கனடா நண்பர் போய்ச்சேர்ந்ததும் தொலைபேசியில் பேசினார். அடுத்தமுறை கட்டாயம் அம்மாவின் ஊருக்குப் போவேன் என்றார். எந்தத் திகதியில் என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. திகதி சொல்லும்வரை இது பேச்சுத்தான் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். நாட்காட்டியை எடுங்கள். அடுத்த போயா எந்தக் கிழமையில் வருகிறது?